அதுவா வரணும்

தோளில் தொங்கும் பையைக் கழற்றுவதற்கு முன்பே, ஆபீசில் எல்லாரும் 'செய்தி அக்கா' என்று கூப்பிடும் அக்கா கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிவிடுவார். அது முனகிக்கொண்டே கண் விழிப்பதற்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டியாகிவிடும். திரையின் இடது ஓரத்தில் நீளமாக ஒரு பெயர் வரிசை: துறைமுகம், வானிலை, பஞ்சு விலை, கப்பல் வாடகை, வேலைநிறுத்தம். எந்தத் தளத்தில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதோ அந்தப் பெயர் தடித்த எழுத்தில் நிற்கும். படித்து முடித்ததும் மெலிந்துபோகும். "ராத்திரி பூரா தின்னுட்டு எப்படி ஊதிக் கெடக்குதுங்க பாரு" என்று சலித்துக்கொண்டே அக்கா ஒவ்வொன்றாக மெலிய வைப்பார்.

மேனேஜர் வந்து உட்காருவதற்குள் அத்தனையையும் படித்து, சாரத்தை ஒரே பக்கத்தில் அடித்து அவர் மேசையில் வைத்துவிட வேண்டும். பஞ்சு வாங்கி விற்கும் அந்தக் கம்பெனியில் அக்காவுக்கு அதுதான் வேலை. மேனேஜர் அதை வாசிக்கிறாரா, இல்லை காபிக் கோப்பைக்கு அடியில் வைக்கிறாரா என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட எழுத்துப்பிழை விட்டதில்லை.

பல தளங்களிலிருந்தும் புதுச் செய்திகளை அள்ளிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் போடும் இந்தச் சமாசாரத்துக்கு ரீடர் என்று பெயர். அக்காவுக்கு அதன்மேல் ஒரு பக்தியே உண்டு. புக்மார்க் என்றால் மட்டும் இளப்பம். "புக்மார்க் வெச்சா நாமதான் தெனம் போய் எட்டிப் பாக்கணும். 'ஏதாச்சும் இருக்கா சாமி'ன்னு அவங்க வாசல்ல நிக்கணும். எனக்கென்ன தலையெழுத்தா? அதுவா வரணும். வந்தாப் படிப்போம்" என்பார். பக்கத்து மேசைக் கணக்காளர் அம்மாள் ஒருமுறை அக்காவின் பிரவுசரை எட்டிப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். மேலே மூன்று புக்மார்க் கோப்புறைகள் இருந்தன: 'பாக்கணும்', 'கண்டிப்பா பாக்கணும்', 'சத்தியமா பாக்கணும்'. மூன்றையும் திறந்தே வருஷக்கணக்கு ஆகிறது.

செத்துப்போன தளங்களை நீக்கவும் மனசு வராது. மூடிவிட்ட பத்திரிகை, ஆளில்லாத சங்கம் எல்லாம் வரிசையில் மெலிந்தபடியே கிடக்கும். "கெடக்கட்டும், சோறா கேக்குது?" என்பார்.

அந்த வரிசையின் கடைசிப் பெயர் 'தம்பி'.

அக்காவின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேறொரு நகரத்தில் குடும்பம். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிற லிஃப்டில் மனுஷர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள், என்னவெல்லாம் பேசுகிறார்கள் என்று சொந்தமாக ஒரு இணையப் பக்கம் வைத்து எழுதிவந்தான். ஒரு கல்யாண மாப்பிள்ளை உள்ளே நின்று அழுதது, இரண்டு பங்காளிகள் வேறு வழியில்லாமல் சமாதானமானது, இப்படி. நன்றாகவே எழுதுவான். 'தம்பி' என்று தடித்துவிட்டால் அக்கா துறைமுகத்தையும் வானிலையையும் அப்படியே போட்டுவிட்டு முதலில் அங்கேதான் போவார். ஒரு தடவை படிப்பார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை படிப்பார். யாரிடமும் சொல்ல மாட்டார்.

சொல்ல முடியாது. அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய மறுநாள்தான் தம்பி வந்து சேர்ந்தான். ரயில் கிடைக்கவில்லை என்றான். வராந்தாவில் இருபது பேர் நிற்க, அக்கா வாயை விட்டார்: "நீயா வந்து என் வீட்டு வாசல்ல நின்னாத்தான் இனி உனக்கும் எனக்கும் பேச்சு. நானா உன்னைத் தேடி வரமாட்டேன்." சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதானே. அவனும் அதே அப்பாவுக்குப் பிறந்தவன். வரவில்லை.

ஆனால் எழுதினான். ஒருமுறை ஒரு பிடிவாதக்கார அம்மாளைப் பற்றி எழுதியிருந்தான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டதாம். உள்ளே இருந்தவர் அவசர மணியை அடிக்கவே இல்லை. 'நான் ஏன் கூப்பிடணும், வேணும்னா அவங்களே வந்து பாக்கட்டும்' என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாராம். இப்படிப்பட்டவர்களுக்கென்று கடைசியில் தம்பி ஒரு வழியும் சொல்லியிருந்தான்: 'மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். கீழே யாருக்கும் கேட்காது. ஆள் வரும்வரை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருங்கள்.' அது யாரைக் குத்திய குத்து என்று அக்காவுக்குப் புரியாமலா போகும்? "பொறுக்கி, பொறுக்கி" என்று வாய்க்குள்ளேயே சிரித்தார். சிரித்துவிட்டு முகம் கழுவப் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு 'தம்பி' தடிக்கவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருஷமும் போயிற்று. அக்கா தினமும் மற்றவற்றை மெலிய வைத்துவிட்டு, வரிசையின் அடிவரை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவார். கணக்காளர் அம்மாள், "என்ன அங்கயே பாக்குறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒருத்தர் லீவுல இருக்காரு" என்று பதில் வரும்.

தம்பி பெண்டாட்டி எப்போதாவது புருஷனுக்குத் தெரியாமல் போன் பண்ணுவாள். போன வாரமும் பண்ணினாள். பிள்ளைகளின் சளி, வீட்டுக்காரரின் முதுகுவலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணி, அவரு அந்தப் பக்கத்தையே எடுத்துடப் போறாராம்."

"ஏம்மா? நல்லாத்தானே எழுதினான்?"

"உங்களுக்காகத்தான் அண்ணி எழுதினாரு. ஒவ்வொண்ணுக்கும் அடியில எத்தனை பேர் படிச்சாங்கன்னு நம்பர் வரும்ல, தெனம் அதைத்தான் பாத்துட்டிருப்பாரு. அது நகரவே இல்ல. அந்த லிஃப்ட் அம்மா கதை எழுதிட்டு ஒரு மாசம் காத்திருந்தாரு. 'அக்கா ஒருநாளும் எட்டிப் பாக்கலடி'ன்னுட்டு விட்டுட்டாரு."

அக்கா பதறிப்போய், "நான் படிச்சேன்மா. ஒண்ணு விடாம, ரெண்டு ரெண்டு தடவை படிச்சேன்" என்றார்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரரை அக்கா பிடித்து உட்கார வைத்தார். தலை நரைத்த மனுஷர், நிதானமாகப் பேசுவார்.

"நீங்க ரீடர்ல படிச்சா அங்க எப்படிக்கா தெரியும்? ரீடர் அந்தப் பக்கத்துக்குள்ளயே போகாது. வாசல்ல வெச்சிருக்கிறத எடுத்துட்டு வந்து உங்ககிட்ட குடுத்துடும். உள்ள வந்து பாத்தாத்தான் அந்த நம்பர் ஏறும்."

"அப்போ நான் படிச்சதெல்லாம்?"

"படிச்சீங்க. ஆனா போகலையே."

இத்தனை வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த 'அதுவா வரணும்' என்ற வார்த்தை அக்காவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தம்பியின் பக்கத்துக்கு நேராகப் போனார். வாசல் மாதிரி நீல நிறத்தில் ஒரு முகப்பு, மேலே அவனே எடுத்த ஒரு லிஃப்ட் கதவின் படம். இதெல்லாம் ரீடரில் வருவதில்லை, எழுத்து மட்டும்தான் வரும். அவன் வீட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தது மாதிரி அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கதையைப் படித்து அடிக்கு வந்தார். 'படித்தவர்கள்: 4' என்று இருந்தது. பக்கத்தை மறுபடி திறந்தார். ஐந்து.

பிரவுசரில் மேலே இருந்த மூன்று கோப்புறைகளையும் தள்ளிவிட்டு முதல் இடத்தில் 'தம்பி' என்று ஒரு புக்மார்க் வைத்தார். கணக்காளர் அம்மாள் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப்போனவர், அக்காவின் முகத்தைக் கண்டு தன் கணக்குக்கே திரும்பிக்கொண்டார். அன்று முதல் காலையில் வந்ததும் நேராக அங்கேதான். ஒரு நாளைக்கு ஒரு கதை, மேலிருந்து கீழ்வரை. "சும்மா மறுபடி மறுபடி திறந்தாலும் ஏறும்க்கா" என்றார் சிஸ்டம்காரர். "வேணாம். கள்ளக் கணக்கு வேணாம். நெசமா படிச்சதுக்கு ஏறினாப் போதும்" என்றுவிட்டார் அக்கா.

தம்பிக்கு போனும் போட்டுப் பார்த்தார். அவன் எடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா விளக்கை அணைக்க எழுந்தபோது தம்பி பெண்டாட்டியின் போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சொன்னேன் அண்ணி, நீங்க படிச்சீங்கன்னு. நம்ப மாட்டேங்கறாரு. 'ஒண்ணு ரெண்டு ஏறியிருக்கு, எவனோ வழி தெரியாம வந்திருப்பான்'ங்கறாரு. இப்ப கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருக்காரு. ஒவ்வொண்ணா அழிச்சுட்டு வர்றாரு அண்ணி. கடைசியா அந்த லிஃப்ட் அம்மா கதை மட்டும்தான் பாக்கி. அதுக்கு அடியில இருக்கிற நம்பரையே பாத்துட்டு உக்காந்திருக்காரு."

"போனை அவன்கிட்ட குடும்மா."

அந்தப் பக்கம் ஏதோ பேச்சுக் கேட்டது. "வாங்க மாட்டேங்கறாரு அண்ணி" என்றாள்.

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்தார். புக்மார்க்கைத் தட்டினார். பிடிவாதக்கார அம்மாள் கதை திறந்தது. அடியில் 'படித்தவர்கள்: 9'. விசைப்பலகையின் மேல்வரிசையில், பக்கத்தைத் திரும்பத் திறக்கிற பொத்தானைத் தேடி விரலை வைத்து அழுத்தினார். பத்து. பதினொன்று. இருபது. திரை வெளுத்து வெளுத்து விழித்தது. நாற்பது.

பையை மாட்டிக்கொண்டு வந்து நின்ற சிஸ்டம்காரர், "அக்கா, போதும், விரலை எடுங்க, பட்டன் போயிடும்" என்றார்.

அக்கா விரலை எடுக்கவில்லை.