பேட்டரி கழற்றிய பிறகும் நடந்த புள்ளி

பேய், பிசாசு, அருள் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. சங்கரன்கோவிலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, ஆனாலும் ஒரு போனைத் திறந்தால் எது எதற்கு என்று தெரியும். சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அன்று ஷார்ஜாவில் என் அண்ணனுக்கு இதய ஆபரேஷன். இங்கே அம்மன் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா சமயம். வேண்டுதல் உள்ளவர்கள் பிரசாதப் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு கோவிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள், ஆடிச்சுற்று என்போம். அம்மாவும் அவனுக்காகச் சுற்றக் கிளம்பினாள். "எம்மா, நீ சுத்துதத பாத்துக்கிட்டே உள்ள போவேன்" என்று அவன் கேட்டதால், அவள் போனில், மேப்பில் புள்ளியாக நகர்ந்து காட்டும் லைவ் லொக்கேஷனைப் போட்டு அவனுக்கு அனுப்பிவிட்டது நான்தான்.

மதியம் அம்மா நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தாள். முட்டி வீங்கி, பாதியிலேயே விட்டுவிட்டாள். போன் வேறு கொதித்தது. பேட்டரி உப்பியிருந்தது, கழற்றி மேசையில் வைத்தேன்.

"எய்யா, சுத்து முடியலியே, அவனுக்கு ஏதாவது ஆயிருமோ?" என்று ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒத்தக்கால்ல தபசு நின்ன அம்மனுக்கு முட்டுவலி தெரியாமலா இருக்கும்? காப்பியக் குடி" என்றேன்.

அப்போதுதான் அண்ணன் என் போனுக்குக் கூப்பிட்டான்.

"ஏலே, அம்மா இன்னும் சுத்திக்கிட்டே இருக்காளே, தண்ணியாவது குடிச்சாளா?"

"புள்ளி நின்னுருக்கும், நல்லாப் பாருண்ணே."

"நிக்கலலே. இப்பதான் மூல திரும்புதா."

போன் வானத்துச் சாட்டிலைட்டுகளின் சிக்னலைப் பிடித்துத் தான் இருக்கும் இடத்தைக் கணக்குப் போடும், கூரைக்குள் போனால் பக்கத்து வைஃபையையும் டவரையும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும், பிறகு நெட் வழியாக அனுப்பும். நெட் போனால் புள்ளி கடைசி இடத்திலேயே நின்றுவிடும். சில நேரம் தாறுமாறாகத் துள்ளும், அதுவும் சரி. ஆனால் பேட்டரி இல்லாத போன் மூலை திரும்புமா? அது என் மேசையில் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் அம்மா.

அம்மா என் கையைப் பிடித்து, "நின்னுட்டேன்னு சொல்லிராதய்யா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ஆமாண்ணே, சுத்துதா. நீ தைரியமா உள்ள போ" என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில நாள் கழித்துப் பேசினான்.

"மயக்க ஊசி போடுத வரைக்கும் பாத்தேம்லே. நீயும் அம்மா பின்னாலயே சுத்துன பாரு, அதான் பயமே இல்ல."

"நானா? என்ன ஊசிண்ணே போட்டாவ உனக்கு?"

அவன் அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினான். மேப்பில் கோவில் வீதியில் புள்ளி இருக்கும் இடத்தில் வட்டத்துக்குள் அம்மாவின் படம், ஒட்டினாற்போல் பின்னால் இன்னொரு வட்டத்தில் என் படம். நம்பினால் நம்புங்கள், என் லொக்கேஷனை நான் யாருக்கும் அனுப்பவில்லை, அன்று கடையை விட்டு இறங்கவும் இல்லை.

அந்தப் படத்தை இப்போதும் பெரிதாக்கிப் பார்ப்பேன். வட்டத்துக்குள் இருப்பது என் முகம்தான். ஆனால் அப்படியொரு போட்டோவை நான் எடுத்ததே இல்லை. அதில் என் நெற்றி நிறையக் கோவில் புற்றுமண்.