நாத்தனார் ஏறிய படிகள்

குடியிருப்பில் எல்லோரும் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் என்னவோ தையல்தான். இறுகிப்போன உடைகளைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அக்கம்பக்கத்து இடுப்பெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால்தானோ என்னவோ, உடல் பருமன் தடுப்புத் திட்டக்காரர்கள் அவளைத் தேடி வந்து எடை மெஷினையும் சமூகக் கூடத்துச் சாவியையும் கொடுத்து, பெண்களுக்கு ஒழுங்கான சாப்பாட்டைச் சொல்லிக்கொடுத்து, மாலையில் நடக்கவும் அழைத்துப் போகச் சொன்னார்கள். அவளே ஒன்றும் ஒல்லி இல்லை.

"அக்கா முன்னாடி நடந்தா நமக்கு வெயிலே படாது" என்று பேக்கரிக்காரி கிண்டலடிப்பாள்.

கடைசியாகச் சேர்ந்தவள் தராசக்காவின் நாத்தனார். புருஷன் போனபிறகு சோபாவே கதி என்று கிடந்தவள். அவள் வீடு எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில். தராசக்கா இருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. "உங்க வீட்டு மாடி ஏறுறதுக்குள்ள என் உசுரு போயிடும் அண்ணி" என்று சொல்லியே கூடப்பிறந்த அண்ணன் வீட்டை வருஷக்கணக்காக எட்டிப் பார்க்கவில்லை. அவளை வாசல் தாண்ட வைக்கத் தராசக்கா கெஞ்சிய கெஞ்சலுக்குக் கல்லும் கரைந்திருக்கும். முதலில் தெருமுனை வரை வந்தாள், பிறகு பூங்கா வரை.

வருஷம் முடிந்ததும், திட்டத்தால் பலன் உண்டா என்று மதிப்பிட ஓர் அதிகாரி அம்மா வருவதாகச் செய்தி வந்தது. எடை குறைந்திருந்தால் திட்டம் தொடரும், இல்லாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். கூடம் போனால் நாத்தனார் பாடு பழைய குருடி கதவைத் திறடிதான். அந்தப் பயத்தைத் தராசக்கா எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதாளே, அதுதான் வினையாகிவிட்டது.

எடை பார்க்கும் நாளில் அதிகாரி அம்மாவின் மேசை முன்னால் நின்ற வரிசையில் பேச்சுமில்லை, கிண்டலுமில்லை. நாத்தனார் மெஷினில் கால் வைத்தாள். தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நேத்துலேர்ந்து தண்ணி மட்டும்தான்."

தராசக்கா வரிசையைப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை.

"எல்லாருமா?"

"உங்களுக்காகத்தான்க்கா," என்றாள் பேக்கரிக்காரி. "எடை குறையலைன்னா கூடம் போயிடும்னு நீங்கதானே அழுதீங்க?"

ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்த திட்டத்தைக் காப்பாற்றப் பட்டினி கிடந்திருக்கிறார்கள், பைத்தியக்காரிகள்! சிரிக்கத்தான் வேண்டும். தராசக்காவுக்கு அழுகைதான் வந்தது. மெஷினைக் காலாலேயே மேசைக்கடியில் தள்ளினாள்.

"மேடம், இன்னிக்கு எடுக்கிற எடை எதுவும் நிஜமில்ல. இவங்க வயிறார சாப்பிட்டுட்டு அடுத்த வாரம் வரட்டும்."

அதிகாரி அம்மாவும் ஈரமனசுக்காரிதான். தானே ஓடிப்போய் ரொட்டியும் பழமும் வாங்கி வந்தாள். அடுத்த வாரம் எடுத்தது உண்மையான எடை. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை. திட்டம் நின்றுபோயிற்று.

சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, தராசக்கா ஊசியில் நூல்கூடக் கோக்காமல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நாத்தனார். நெற்றியெல்லாம் வேர்வை, காலில் ஷூ.

"கீழ எல்லாரும் காத்துட்டிருக்காங்க. கூடத்தைத்தானே பூட்டினாங்க அண்ணி, தெருவையுமா பூட்டிட்டாங்க?"

தராசக்கா அவளுக்குப் பின்னால் தெரிந்த மாடிப்படிகளையே பார்த்தாள்.

"ஏறியா வந்தே?"

"நடுவுல ஒரே ஒரு வாட்டிதான் உக்காந்தேன்," என்றாள் நாத்தனார்.