பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு பெர்சியன் குட்டி: எட்டாயிரமும் அதற்கு மேலும்

தம்பி கல்யாணமாகி பெங்களூருக்குக் குடிபோன பிறகு ராஜகீழ்ப்பாக்கம் ஃபிளாட்டில் நான் மட்டும்தான். மெடிக்கல் கோடிங் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. சில நாட்களில் பால் போடுபவரிடம் பேசுவதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் பூனைக்குட்டி. தெருவில் இல்லாத பூனையா என்பீர்கள். தெருப்பூனைகளுக்குச் சோறு வைத்துப் பார்த்தேன், தின்றுவிட்டுப் போய்விட்டன. பெர்சியன் ஜாதிப் பூனை வீட்டைவிட்டுப் போகாது என்று யாரோ சொன்னார்கள். போகாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

போன ஞாயிறு காலை கிளம்பினேன். தாம்பரம் ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். அங்கே மின்சார ரயில் ஏறினால் பெருங்களத்தூர் அடுத்த ஸ்டேஷன். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் போக ஆட்டோவுக்கு எண்பது. மடியில் காலிக் கூடையை வைத்துக்கொண்டு போவது ஏனோ கூச்சமாக இருந்தது.

நஸ்ரின் தன் மாடி வீட்டிலேயே பூனை வளர்த்து விற்கிறார். முப்பது வயதிருக்கும். மூன்று குட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாம்பல் நிறக் குட்டி என் துப்பட்டா நுனியைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை.

"சுத்தப் பெர்சியன்னு சர்டிபிகேட்டோட வேணும்னா இருபத்திரண்டாயிரம் ஆகும்கா. பேப்பர் இல்லாம எட்டு. குட்டி அதே குட்டிதான்."

கண்காட்சிக்கா கொண்டுபோகப் போகிறேன்? எட்டே போதும் என்று பணத்தை எடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"ஏங்க?"

"ஆபீஸ் போறவங்களுக்கு ஒத்தக் குட்டியா தர்றதில்ல. போன தடவ தந்தது பகல் பூரா தனியா கெடந்து, சாப்பிடாமயே போயிடுச்சு. காசத் திருப்பிக் கேட்டாங்க, அத விடுங்க. குட்டி போச்சே."

"நான் மட்டும்தான்" என்றேன். தம்பி போன பிறகு அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நஸ்ரின் என்னையே பார்த்தார். "பகல்ல?"

"எப்பவும் வீட்லதான்."

"அப்போ எடுத்துட்டுப் போங்க." அவரே குட்டியைக் கூடையில் வைத்தார்.

"வீட்ட விட்டுப் போகாது இல்ல?"

"கதவத் தொறந்து வெச்சா இதுவும் போவும்கா. நாமதான் பாத்துக்கணும்."

திரும்பும்போது வீடுவரை ஒரே ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். டிரைவர் விலை கேட்டார், சொன்னேன்.

"எட்டாயிரமா! எங்க வூட்டாண்ட பத்து சுத்திகினு கீது. சும்மாவே எடுத்துகினு போயிருக்கலாமேக்கா!"

நான் சிரித்துவிட்டேன். கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வீட்டில் கூடையைத் திறந்ததும் குட்டி கட்டிலுக்கு அடியில் ஓடி, சுவரோரம் ஒண்டிக்கொண்டது. தரையில் படுத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. இருட்டும்வரை அப்படியே. யாருமே இல்லாத வீட்டைவிட, ஒரு உயிர் இருந்தும் கிட்டே வராத வீடு கனத்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு: குட்டியின் விலை வெறும் ஆரம்பம்தான். கூடை தொள்ளாயிரம், அது கழிவுக்குப் போக மணலும் தட்டும் எண்ணூறு எனக்கு ஆனது. தடுப்பூசி ஒவ்வொரு முறையும் எண்ணூறு ஆகும் என்கிறார்கள். சாப்பாடும் மணலுமாக மாதம் இரண்டாயிரத்தைந்நூறாவது ஒதுக்குங்கள். இரண்டு மாதம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். தாய்ப்பூனையைக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாளே மடியில் வந்து படுக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன்.

மறுநாள் காலை நஸ்ரின் போன் செய்தார்.

"குட்டி சாப்ட்டுச்சாக்கா?"

"வெச்சதுல கொஞ்சம் சாப்ட்டிருக்கு. இன்னும் வெளிய வரல."

"வரும்க்கா. அதுக்கு எல்லாமே புதுசுதானே. நீங்க சாப்ட்டீங்களா?"

மணி பதினொன்று ஆகியிருந்தது. "இனிமேத்தான்" என்றேன்.

போனை வைத்துவிட்டு இரண்டு தோசை வார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.