தீர்மானம் நிறைவேறும் வரை

சைவமும் கத்தோலிக்க வேதமும் கலியாணம் கட்டினால் எங்கள் தீவில் ஒரு வருஷம் கதைப்பார்கள், பிறகு பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூடி வந்து சாப்பிடுவார்கள். மொஸ்கோக் கொம்யூனிஸ்டும் பீக்கிங் கொம்யூனிஸ்டும் கலியாணம் கட்டினால் சாகும்வரை விடமாட்டார்கள். எனக்கு வாய்த்தது இரண்டாவது. பிறந்த வீடு மொஸ்கோ, புகுந்த வீடு பீக்கிங். இரண்டும் வேதக்கார வீடுகள், இரண்டும் கடல்தொழில் வீடுகள், இரண்டு வீட்டுச் சுவரிலும் அந்தோனியாருக்குப் பக்கத்தில் அந்தத் தாடிக்காரரின் படம். மொஸ்கோவில் கட்சி கவிழ்ந்ததும், பீக்கிங்கில் மற்றக் கட்சி உலகம் முழுக்கச் சாமான் விற்பதும் எங்கள் ஊருக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் என்ன, நாரந்தனைச் சந்தியில் இரண்டு மச்சான்மார் சந்தித்தால் தகப்பன்மார் காலத்துப் பிளவில் இருந்துதான் கதை தொடங்கும்.

அந்தத் தகப்பன்மார் ஒன்றாக நின்ற காலமும் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் எங்கள் ஆட்களுக்குச் சாதி பார்த்து வேறு தகரப் பேணியில் ஊற்றிக் கொடுத்த நாட்களில், எல்லாருக்கும் ஒரே கிளாஸ் என்று சொல்லி இருவரும் சேர்ந்துதான் கடைக்குள் போனார்கள். சேர்ந்துதான் அடி வாங்கினார்கள். கிளாஸ் கிடைத்த பிறகு பிரிந்தார்கள். வாக்குப் பெட்டியாலும் சோசலிசம் வரும் என்றார் என் ஐயா. துவக்குத் தூக்காமல் ஒரு மண்ணும் வராது என்றார் மாமா. பிறகு உண்மையாகவே துவக்கோடு, தனிநாடு கேட்ட இயக்கப் பெடியள் வந்தார்கள். முதலில் தேசம், சோசலிசம் பிறகு என்றார்கள். ஐயாவின் முன்பற்களை உடைத்தார்கள். மாமாவைப் பனையில் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் சமத்துவம் கிடைத்தது.

இப்போது அவர்களின் பிள்ளைகள். என் அண்ணை எங்கள் மீனவர் சங்கத்து ஐஸ் அறைக்குப் பொறுப்பு. மாமாவின் மகன், என்னைக் கட்டின மனிசன், கடலுக்குப் போகிறவர். சங்கத் தலைவர் முன்னாள் இயக்கக்காரர், ஒரு கண் பார்வை இல்லாதவர். மூன்று பேரும் தங்களைச் சோசலிஸ்ட் என்பார்கள். மற்ற இரண்டு பேரும் அப்படியோ என்று கேட்டால் சிரிப்பார்கள்.

கடந்த மாசியில், விடிந்து கொஞ்ச நேரத்தில், நான் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றேன். கரையில் கூக்குரல் கேட்டது. மாக் கையோடு ஓடினேன். அக்கரை நாட்டில் இருந்து எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் இரவு எங்கள் வலைகளுக்கு மேலால் மடி வலையை இழுத்துப் போயிருந்தன. எங்கள் ஆட்கள் துரத்திப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து இரும்பு நட்டுகளும் போத்தல்களும் எறிந்திருக்கிறார்கள், இங்கிருந்து கல்லு. கடைசியில் ஒரு படகு திரும்பி வந்து என் மனிசனின் வள்ளத்தை இடித்தது. வள்ளத்தின் பக்கப் பலகை பிளந்து, கூடப் போன ஒருவருக்குத் தோள்மூட்டு இறங்கி, வலை முழுதாகப் போய்விட்டது. இடித்த வேகத்தில் அவர்களின் ஆள் ஒருவனும் தண்ணீரில் விழுந்தான். அவனை விட்டுவிட்டுப் படகு ஓடிவிட்டது. எங்கள் ஆட்கள் தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் போனபோது அடித்துக்கொண்டிருந்தார்கள். துடுப்பால் அடித்தார்கள், நங்கூரக் கயிற்றை மடித்து அடித்தார்கள், காலால் உதைத்தார்கள். சங்கத் தலைவர் அவனுடைய நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு முகத்தில் குத்தினார். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதன், சாரமும் போய் உள்ளாடையோடு, கழுத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் போடுகிற அதே மாதிரி மாதாவின் உத்தரியம். அவன் கையை எடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையில் என் மனிசன் துடுப்பால் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குப் பயம் வரவில்லை, அடித்தவர்கள் மேல் கோபம்தான் வந்தது. வலை போன கோபமும் எனக்கு இருந்தது. அந்த வலை வாங்கின காசில் என் தாலிக்கொடி அடகுவைத்த காசும் அடங்கும். பொய் சொல்ல மாட்டேன், நான் கண்ட முதல் இரண்டு அடி விழும்போது நல்லாப் படட்டும் என்றுதான் நினைத்தேன்.

அண்ணை ஓடிவந்து நடுவில் விழுந்தார். அவருடைய முதுகிலும் ஒரு அடி விழுந்தது.

"விடுங்கோடா. அவன் கூலிக்காரன். றோலர்ப் படகு முதலாளி இப்ப வீட்டிலை நித்திரை கொள்ளுறான். இவனை அடிச்சுச் சாக்காட்டினா நாளைக்கு வேறை ஒரு ஏழையை ஏத்தி அனுப்புவான்."

"கூலிக்காரனோ?" என்றார் என் மனிசன். "வேலைநிறுத்தத்தை உடைக்கிற கருங்காலியும் கூலிக்காரன்தான் மச்சான். அவனையும் தொழிலாளி எண்டு கும்பிடுவியளோ?"

"கருங்காலி வேறை, இது வேறை."

"என்ன வேறை? எங்கட கடலடியிலை கிடக்கிற குஞ்சு மீன்வரைக்கும் வழிச்செடுக்கிறவன், அது எந்த வர்க்கம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

தலைவர் எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தார். "உங்கட வர்க்கத்தைப் பிறகு பாப்பம். முதல்லை இது எங்கட கடல்."

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்திருந்தால் ஒன்றில் அவனைக் கொன்றிருப்பார்கள், அல்லது பொலிசில் கொடுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் கூட்டம் கூட்டினார்கள். அது எங்கள் ஆட்களின் வியாதி. கிணறு இறைக்க வேண்டும் என்றாலும் கூட்டம், செத்தவீட்டுக்குப் பந்தல் போட வேண்டும் என்றாலும் கூட்டம். கூட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் முதலில் தன் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும், அதற்கு மற்றப் பக்கம் மறுமொழி சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவார்கள். அடிபட்டவனை ஒரு பழைய தறப்பாளில் போட்டுத் தூக்கிவந்து சங்க மண்டப வாசலில் நீட்டி வளர்த்திவிட்டு, ஆண்கள் உள்ளே போய்க் கதிரைகளில் இருந்தார்கள். தலைவர் மேசையில் மணியை அடித்தார்.

நானும் கருவாடு போடுகிற இன்னும் சில பெண்களும் வாசலில் நின்றோம். அவன் கண் திறந்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்றான். கொடுத்தேன். குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது, கறுத்த ரத்தத்தோடு. வயிறு கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் போகிறவனுக்கு நேரம் இல்லை என்பது போர்க்காலத்தில் வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே போனேன். என் மனிசன் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். சர்வதேசியம் என்பது கொள்ளைக்காரனுக்குக் கதவு திறந்து விடுவதல்ல என்று நல்ல தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கவே நாலு தரம் இருமுகிற மனிதர்.

"அந்தாள் ரத்தமாச் சத்தி எடுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் வரும். பொலிஸ் வந்தா ரெண்டு கிழமையிலை ஊருக்கு அனுப்பிப் போடுவாங்கள்" என்றார் தலைவர். "வலைக்கு நட்டம் கேக்க எங்கட கையிலை இருக்கிற ஒரே பிடி அவன். முடிவெடுத்தாப் பிறகு பாப்பம்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவனுக்காக அடி வாங்கினவர். அவன் தொழிலாளி என்று தொண்டை கிழியக் கத்தினவர்.

"அண்ணை, வாங்கோ. நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கோ, நான் மற்றப் பக்கம் பிடிக்கிறன்."

அண்ணை எழும்பவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் பொறு. இப்பதான் எங்கட பக்கம் கதைக்கப் போகுது. பெரும்பான்மை எங்களுக்கு வரும். தீர்மானமாக் கொண்டுபோனா ஒருத்தரும் பிறகு கேள்வி கேக்க ஏலாது."

"தீர்மானம் வரமுதல் செத்துப் போடுவான்."

"சும்மா விசர்க்கதை கதையாதை. தனி ஆள் முடிவெடுக்கத் தொடங்கினா அமைப்பு எண்டு ஒண்டு எதுக்கு?"

அந்தச் சொல்லில்தான் எனக்கு நெஞ்சு விட்டுப் போனது. மனிசன் அடித்ததுகூட எனக்கு விளங்கியது. வலை போனவன் அடிப்பான். ஆனால் காப்பாற்ற வந்தவன் கதிரையில் இருந்து முறை பார்த்துக்கொண்டிருக்கிறானே, அதை இன்றைக்கும் என்னால் சீரணிக்க ஏலாது.

மீன் ஏற்றப் பட்டணத்தில் இருந்து வந்த சின்னப் பட்டா லொறி ஐஸ் அறைக்குப் பக்கத்தில் நின்றது. அதை ஓட்டிவந்த வியாபாரி, தனக்கு இந்தப் பிரச்சினை வேண்டாம் என்றான். பின்னால் ஒரு பெட்டிக்குள் மீன் வெட்டுகிற கத்தி கிடந்தது. அதை எடுத்து முன் சில்லின் ரயரில் வைத்தேன். "ஏத்துறியோ, ரயரைக் குத்தவோ?" என்றேன். ஏற்றினான். பெண்கள் தறப்பாளின் நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினோம். பெட்டிகளுக்கு நடுவில், மீன் தண்ணீருக்குள் அவனை வளர்த்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தினான். கரம்பொன் தாண்டும்போது கத்துவதை நிறுத்திவிட்டான். நான் கன்னத்தில் அடித்து அடித்து முழிக்க வைத்தேன். "செத்துக்கித்துத் தொலைஞ்சியோ, நானே உன்னைக் கொல்லுவன்" என்று ஏசினேன். அவன் சாகக்கூடாது என்று மாதாவிடம் கேட்டேன், எந்தக் கட்சிக்காகவும் இல்லை.

தீவுச் சின்ன ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அம்புலன்ஸ் வேறொரு ஆளோடு யாழ்ப்பாணம் போயிருந்தது, திரும்பி வந்ததும் இவனைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவோம், இப்போதைக்கு உயிருக்குப் பயமில்லை, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முடிந்திருக்கும் என்றார் டொக்டர். அவர்கள் பொலிசுக்கும் அறிவித்தார்கள். நான் அதே வாகனத்தில் திரும்பினேன்.

மண்டபத்துக்குள் போனேன். உடுப்பெல்லாம் அவனுடைய ரத்தம். இன்னும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறக்கமுதல் என் மனிசன் எழுந்து வந்து எல்லாருக்கும் முன்னால் கன்னத்தைப் பொத்தி அடித்தார். காதுக்குள் கூவென்று கேட்டது. தூணில் மோதி விழுந்தேன்.

விழுந்த இடத்தில் இருந்து அண்ணையைப் பார்த்தேன்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "மச்சான் கை நீட்டினதை நான் ஏற்றுக்கொள்ளேல்லை. ஆனா தங்கச்சி, நீ செய்தது கட்டுப்பாட்டை மீறின வேலை."

"ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார் என் மனிசன்.

தலைவரும் தலையை ஆட்டினார். கலியாணம் கட்டின நாளில் இருந்து மூன்று பக்கமும் ஒத்துப்போன ஒரு விஷயத்தை அன்றைக்குத்தான் கண்டேன். அந்த விஷயம் நான். என்னைக் கண்டித்து ஒரு தீர்மானம் எழுதச் சொன்னார் தலைவர். அடிபட்டவன் இருக்கிறானோ செத்தானோ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் தூணைப் பிடித்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது கேட்பார்கள் என்று. கேட்கவில்லை. மேசையில் அந்தப் பித்தளை மணி இருந்தது. எடுத்து என் மனிசனின் முகத்தைப் பார்த்து எறிந்தேன். குறி தப்பவில்லை. புருவத்துக்கு மேலே தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் என்னை நோக்கி இரண்டு அடி வைத்தார், பிறகு முழங்கால் மடிந்து கீழே இருந்துவிட்டார்.

அவரைத் தூக்க ஒருத்தரும் தீர்மானம் கேட்கவில்லை. அண்ணை ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். ஒரு ஓட்டோவில் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் பின் சீற்றில் இருந்தேன், என்னை இறங்கச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

தாதி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இவரும் கடலிலையோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. கூட்டத்திலை."

தையல் போட்டுக் கட்டி, கொஞ்ச நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள். காலியாக இருந்தது ஒரு கட்டில்தான். பக்கத்துக் கட்டிலில் அவன். முறிந்த கையை மட்டைகட்டி நெஞ்சில் வைத்திருந்தார்கள், முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. கால்மாட்டில் ஒரு பொலிஸ்காரர் இருந்தார். அம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. என் மனிசன் தான் யாருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்று கண்டுகொண்டு எழும்பப் பார்த்தார். தலை சுற்றித் திரும்பவும் சாய்ந்தார். அண்ணையும் தலைவரும் கதவடியில் நின்றார்கள்.

சத்தத்தில் அவன் மற்றக் கண்ணைத் திறந்தான். பக்கத்தில் கிடப்பவரை அடையாளம் தெரிந்ததோ என்று எனக்குத் தெரியாது. விடிய வெளிச்சத்தில், தன் முகம் முழுக்க ரத்தத்தோடு அவரைப் பார்த்தவன். துணிக்கட்டுப் போட்ட தலையையும் சட்டையில் காய்ந்த ரத்தத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"யாருண்ணே இப்படி அடிச்சது?" என்றான். "ரொம்ப வலிக்குதாண்ணே?"

என் மனிசன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அண்ணை உள்ளே வரவில்லை. நான் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.