கோமு மடித்த இலை

ஈப்போவில் நான் தினமும் பசியாறப் போகும் கோப்பிக்கடையில் என் முன்னால் இரண்டு கிண்ணம் வந்து உட்காரும். பெரியது எனக்கு. சிறியதில் கொஞ்சம் சூப்பும் சேமியா மாதிரி நாலு இழை மீயும் போட்டு, ஒரு சின்னப் பீங்கான் கரண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, கடைக்காரச் சீன அம்மாள் திரும்பிப் பாராமல் அடுப்படிக்குப் போய்விடுவார். ஊரிலிருந்து நான் தனியாகத் திரும்பி வந்த முதல் நாள், "ஆனாக் மானா?" என்று கேட்டார். பிள்ளை எங்கே என்று அர்த்தம். "இந்தியா" என்றேன். தலையாட்டினார். மறுநாளும் இரண்டு கிண்ணம் வந்தது. என் மலாய் அரைகுறை, அவருடையது அதைவிட அரைகுறை, விளங்கவில்லை போலிருக்கிறது என்று கையை நீட்டிக் கப்பல் போகிற மாதிரியெல்லாம் காட்டினேன். அதற்கும் தலையாட்டினார். அதற்கடுத்த நாளும் இரண்டு கிண்ணம். இப்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. பெரிய கிண்ணத்தை முடித்துவிட்டுச் சின்னக் கிண்ணத்தையும் எடுத்துக் குடிக்கிறேன். அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளின் லட்சணத்தை ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கடைதான் வீடு. நாம் ஒரு மேசையில் சாப்பிட்டுக் கொண்டிருப்போம், பக்கத்து மேசையில் அந்தக் குடும்பத்துப் பெண்கள் உட்கார்ந்து முளைப்பயறுக்கு வால் கிள்ளிக் கொண்டிருப்பார்கள். முதலாளி பனியனோடு பேப்பர் படிப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் அவர்களும் நம் எதிரிலேயே கிண்ணத்தைத் தூக்கி வாயருகே வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நம் ஊர்ப் பக்கம் சமைக்கிறவள் சாப்பிட்டதைப் பார்த்த வாடிக்கைக்காரன் உண்டா? வந்த புதிதில் எனக்கு இது கூச்சமாக இருந்தது. என் மனைவி லட்சுமிக்கு மட்டும் ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் போவோம். மகள் கோமுவுக்கென்றே அந்தச் சின்னக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்திருந்தார் சீன அம்மாள். கோமு அதைத் தொடமாட்டாள். அவள் அம்மாவின் கிண்ணத்திலிருந்துதான் தின்பாள். வீட்டிலும் அப்படித்தான், தாய் தட்டில் இருந்தால்தான் அது சோறு.

இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் லட்சுமி போனாள். ஒரு வாரம்கூடத் தாங்காத காய்ச்சல். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அக்கம்பக்கத்தார்தான் எல்லாம் செய்தார்கள். கோமுவை என் பக்கத்தில் உட்கார வைத்து, நாலு வயதுப் பிள்ளைக்கு முதல் முறையாகத் தனி இலை போட்டார்கள். அன்றைக்குப் பிறகு அவள் சோறு தின்னவில்லை. கோப்பியில் நனைத்த ரொட்டி, ஒரு வாய் பால், அவ்வளவுதான். தட்டைப் பார்த்தாலே "தா மாவ், தா மாவ்" என்று வேண்டாம் என்பதை மலாயில் சொல்லி முகத்தைத் திருப்பிக் கொள்வாள். கை கால் எல்லாம் குச்சியாகிவிட்டது. எனக்கோ ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணும் வேலை, பாதி மாசம் ராத்திரி முறை. பக்கத்து வீட்டில் விட்டுப் போனால் அவர்களுக்கும் பிள்ளைகள் ஐந்து. யோசித்து யோசித்து மண்டை காய்ந்து, புதூருக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவிடம் கொண்டுபோய் விடுவதென்று முடிவு செய்தேன். அங்கே நானும் தங்கலாமே என்று கேட்பீர்கள். கரிசல் மண் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. நான் அனுப்புவதில்தான் அக்கா வீட்டு உலை கொதிக்கிறது. திரும்பி வரும் பெர்மிட் முடிவதற்குள் வராவிட்டால் வேலையும் போகும், நாடும் போகும்.

விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்று கோமுவிடம் நான் சொல்லவில்லை. அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். கப்பலில் அவள் தின்றது ரொட்டிதான். நாகப்பட்டினத்தில் இறங்கிய நிமிஷத்திலிருந்து கண்ணில் பட்ட கடைக்கெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதைக் கண்டாலாவது வாய் திறக்க மாட்டாளா என்ற பைத்தியம். பெரிய ஓட்டல்கள் பக்கம் போகவில்லை. குடும்பமாக நடத்தும் சின்னக் கடைகளாகப் பார்த்துப் போனேன், பெண் கை பட்ட சோறாக இருக்கட்டும் என்று. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கடைகளில் எனக்கு வயிறு குளிர்ந்தது. பல வருஷம் கழித்துத் தேங்காய்ச் சட்டினியில் ஊறிய இட்லியைத் தின்றபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிள்ளை பட்டினியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எனக்கு ருசிக்கிறதே என்று என் நாக்கின் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கோவில்பட்டியில் இறங்கியபோது புதூர் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது சாயங்காலம்தான். வெயிலில் தெருத்தெருவாக நடந்தோம். வீட்டு வாசல்களில் பெண்கள் தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்கிக் கொண்டிருந்தார்கள். சந்தைப்பக்கம் ஒரு ராவுத்தர் கடை. கோமுவின் முகத்தைப் பார்த்ததும் அவர் உள்ளே குரல் கொடுக்க, திரைக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டம்மா நெய் தடவிய சின்ன ஆப்பம் ஒன்று சுட்டு அனுப்பினார். கோமு ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டு வெளியே எடுத்துவிட்டாள். "பச்ச மண்ணு, என்னத்தக் கண்டுதோ. கட்டித் தாரேன், வழியில கேட்டா குடுங்க" என்று ராவுத்தர் அதைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

உச்சி வேளைக்கு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு வீட்டுக் கடைக்குப் போனோம். போர்டு கிடையாது. முன்னறையில் தரையில் இலை போட்டு அண்ணாச்சி பரிமாறுவார், பின்கட்டில் அவர் மனைவி பேச்சியம்மாள் சமைப்பார். எனக்கு ஒரு பக்கம் பருத்தித் தரகர் ஒருவர், இன்னொரு பக்கம் கோமு. அவளுக்கும் சின்னதாக ஒரு இலை போட்டு, சுடுசோறும் பருப்பும் நெய்யும் வைத்தார் அண்ணாச்சி. கோமு தொடவில்லை. குழம்பு, ரசம், மோர் என்று எல்லாம் முடிந்தது. நான் கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் கும்பிடாத குறை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு கையாலும் தன் இலையின் கீழ் ஓரத்தைப் பிடித்தாள். சோறு சிந்தாமல், பொறுப்பாக, அந்தப் பக்கமாகத் தள்ளி மடித்தாள்.

"ஏட்டி! அப்படி மடிக்கப்பிடாது!" என்று அண்ணாச்சி மோர்ச் செம்போடு ஓடி வந்தார்.

"சாப்பிட வந்த எடத்துல துட்டி வீட்டு மடிப்பு மடிக்குதே பிள்ளை" என்று தரகர் எழுந்து கொண்டார்.

சாவு வீட்டுப் பந்தியில் இலையை வெளிப்பக்கம் மடிப்போம், இனி இந்தப் பந்திக்கு வர வேண்டாம் என்று. மற்ற நாளெல்லாம் நம் பக்கம் மடிப்போம், உறவு திரும்பி வரட்டும் என்று. கோமு தன் ஆயுளில் தனியாக உட்கார்ந்த பந்தி ஒன்றுதான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவள் கையைப் பிடித்து மடிக்கச் சொல்லிக் கொடுத்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இலை என்றால் இப்படித்தான் முடியும் என்று பிள்ளை நினைத்திருக்கிறது.

சத்தம் கேட்டுப் பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு தவறினது?" என்றார்.

"இவ அம்மை."

"பிள்ளை வீட்டுல எப்படிச் சாப்பிடும்?"

"அவ அம்மை தட்டுலதான், மதினி."

பேச்சியம்மாள் அந்த இலையை எடுத்துப் போட்டார். உள்ளே போய்த் தன் சாப்பாட்டைக் கொண்டுவந்து, எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஒரு பெரிய இலை, அதில் கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சீனியவரைக்காய் வத்தல். கடைக்கு வருகிறவர்களுக்கு நெல்லுச்சோறு, வீட்டுக்கு இது. பந்தி முடிந்து கடையைக் கழுவிய பிறகு அடுப்படியில் மறைவாகச் சாப்பிடுகிற மனுஷி, அத்தனை ஆண்கள் பார்க்க உட்கார்ந்து உருண்டை பிடித்து வாயில் போட்டார்.

"என்ன பாக்க? இங்கன வா. எனக்குத் தனியாத் தின்னா எறங்காது" என்றார் கோமுவிடம்.

கோமு எழுந்து போனாள். அவர் மடியோரம் உட்கார்ந்தாள். முதல் உருண்டையை வாங்கி வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். இரண்டாவதற்கு அவளே கையை இலையில் வைத்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு இலையில் பாதிதான், அதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத நான் இவளை எப்படி வளர்ப்பேன்?

இலை காலியானதும் பேச்சியம்மாள் கோமுவின் கையைப் பிடித்து மேல் ஓரத்தை எடுத்து நம் பக்கமாக மடிக்க வைத்தார். "இந்தப் பக்கம் மடிக்கணும். அப்பதான் போனவிய திரும்பி வருவாவ."

கோமு அதையே பார்த்துக் கொண்டிருந்தாள். "நான் அந்தப் பக்கம் மடிச்சேன். அதான் அம்மா வரலையா?"

பேச்சியம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. "இல்லத்தா. அம்மை போன பொறவுதான நீ மடிச்ச? நீ மடிச்சு ஒருத்தரும் போகல" என்றார். பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அப்பா எலையை இந்தப் பக்கம் மடிச்சா அப்பா வருவாங்களா?"

"வருவாவ" என்றார் பேச்சியம்மாள். நான் அவளை விட்டுப் போகப் போவது அவருக்குத் தெரியாது. கோமுவுக்குத் தெரிந்திருக்கிறது. கப்பலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டில் கோமு சாப்பிட்டாள். அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன், தனித் தட்டு வைக்காதே என்று. "இத நீ சொல்லணுமாக்கும்" என்றாள் அவள். நான் கிளம்பிய அன்று புதூரிலிருந்து வாழையிலையும் அரிசியும் வாங்கி வந்து விருந்து போட்டாள். எனக்கு எதுவும் இறங்கவில்லை. கோமு அத்தையின் இலையிலிருந்து தின்றபடி என் கையையே கவனித்துக் கொண்டிருந்தாள். நான் என் இலையை என் பக்கமாக மடித்தேன். அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். மடிப்பை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். அக்கா இலையை எடுக்க வந்தபோது, "வேண்டாம்" என்று கத்தினாள். வெளியே ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து மடித்த இலையின் மேல் வைத்தாள்.

"காத்துல திறந்துக்கும்" என்றாள் என்னிடம்.

கரிசல் காட்டுக் காற்று அப்படிப்பட்டதுதான். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவள் அழவில்லை, பின்னாலும் வரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

போன மாதம் இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு மேற்குப் பார்த்து இடம் கிடைத்தது. மேற்கே கடல், கடலுக்கு அப்பால் கோமு. சாப்பிட்டு முடித்து வழக்கம்போல இலையின் மேல் ஓரத்தைப் பிடித்தேன். என் பக்கம் இழுத்து மடித்தால் அவளிடமிருந்து மடித்து எடுக்கிற மாதிரி இருந்தது. அவள் பக்கமாக மடிக்கலாம் என்றால் அது துட்டி மடிப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். இலை எடுக்க வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். நான் காற்றே இல்லாத அந்த மண்டபத்தில், திறந்து கிடந்த இலையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.