பின்பக்கத் தூண்

உச்சி வேளையில் பேய் நடமாடும் என்று பெரியவர்கள் சொல்லும்போது தனசேகரன் சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை. இது அவருக்கே நடந்தது. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர். வீரமாகாளியம்மன் சந்நிதியில் கற்பூரத்தைத் தொட்டு என்னிடம் சொன்னார். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

1962ஆம் வருஷம். ரோவல் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் யாக்கூப் மரைக்காயர் மூன்று மாடிக் கடைவீடு கட்டி முடித்திருந்தார். கீழே துணிக்கடை, மேலே குடும்பம். மறுவாரம் மகள் உம்மு சல்மாவுக்கு நிக்காஹ். மூன்றாம் மாடியில்தான் விருந்து. ஆனால் சட்டப்படி கட்டியிருக்கிறது என்று பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் புது வீட்டில் யாரும் குடியேற முடியாது. வேலையைத் தொடங்கிய பொறியாளர் நோயில் விழுந்து ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் தனசேகரனை அழைத்தார்கள். அவர் பெயர் பதிவாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் கையெழுத்து. இதில் முரண்டு பிடித்தால் அடுத்த வேலை வராது.

அன்று வெள்ளிக்கிழமை. யாக்கூப் ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"பார்த்து முடிச்சுக் குடுங்க தம்பி. பொண்ணு வீட்டு விசேஷம்."

"சரிங்க பாய்."

அவர் போனதும் கான்ட்ராக்டர் சேதுபதி கையெழுத்துக்கான தாளை மேசையில் விரித்தார். தனசேகரன் மாடிப்படியைப் பார்த்தார்.

"மேல எதுக்கு? படியெல்லாம் ஈரம்லா. வழுக்கி விழுந்தா உங்க வீட்டம்மா என்னைத்தான் திட்டும்."

"ஒரு தடவை பார்த்துட்டா நல்லதுண்ணே."

"பழைய ஆளு காப்பிக் கடையில உக்காந்துகிட்டே போடுவாரு. கையெழுத்துக்குக் கண்ணு வேணாம் தம்பி, பேனா போதும். போட்டு வைங்க, சாப்பிட்டு வந்துடறேன்."

வேலையாட்களும் அவரோடு சாப்பிடப் போனார்கள். கட்டடம் காலியானது. வெயில் தெருவில் கொதித்தது. கோயிலில் உச்சிப் பூசை மணி அடித்து ஓய்ந்தது.

தனசேகரன் பேனாவைத் திறந்தார். ஊர் வழக்கம் அதுதானே... எல்லாரும் செய்வதுதானே...

படியில் காலடி கேட்டது.

உடம்பு முழுக்கச் சிமெண்டுத் தூசியோடு ஒருவன் இறங்கி வந்தான். கடைசிப் படியில் நின்றான். அதற்குக் கீழே இறங்கவில்லை.

"நீ சாப்பிடப் போகலையாப்பா?"

தனசேகரன் மேசைமேல் வைத்திருந்த டீ பிளாஸ்கையே அவன் பார்த்தான்.

தனசேகரன் மூடிக் கிண்ணத்தில் டீயை ஊற்றி நீட்டினார். தமக்கு வேண்டுமே என்று எண்ணவில்லை. சிவப்புக் கிண்ணம் அது. தொலைந்துவிடக் கூடாதென்று மனைவி சந்திரமதி அடியில் ஆணியால் 'த' என்று கீறியிருந்தாள். வாங்கிய விரல்கள் அவர் கையில் பட்டன. அந்த வெயிலிலும் கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்றிருந்தன.

"ரொம்ப நாளாச்சுண்ணே" என்றான். திரும்பி மேலே ஏறினான்.

கிண்ணம் திரும்பி வரவில்லை. தனசேகரன் காத்திருந்தார். கூப்பிட்டார். கிண்ணமில்லாமல் போனால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். பேனாவை மூடிவிட்டுப் படியேறினார்.

படி ஈரமாக இல்லை. காய்ந்த தூசி படிந்திருந்தது. அவர் மிதித்த இடமெல்லாம் தடம் பதிந்தது. முன்னால் ஏறியவனின் தடம்... ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் மாடி. யாருமில்லை.

மூன்றாம் மாடி. யாருமில்லை.

பின்பக்கம், வெளியே நீண்ட தளத்தைத் தாங்கி, கீழிருந்து எழும்பி நின்றது ஒரு தூண். வழவழப்பாகப் பூசியிருந்தது. தூணைக் கண்டால் தட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். சாவியால் மூன்று முறை தட்டினார்.

டொக்... டொக்... டொக்.

நிறைந்த கான்கிரீட்டின் சத்தம் இல்லை அது. காலிப் பெட்டியின் சத்தம். குனிந்து காதை வைத்தார்.

உள்ளேயிருந்து...

டொக்... டொக்... டொக்.

அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

மறுபடியும் சாவியால் இரண்டு முறை தட்டினார்.

டொக்... டொக்.

உள்ளேயிருந்து இரண்டே முறை.

முருகா...

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தெருவில் வெயிலில் நின்றார். யாக்கூப் தொழுகை முடிந்து திரும்பும்வரை உள்ளே போகவில்லை.

"பின்பக்கத் தூணை உடைச்சுப் பார்க்கணும் பாய். அதுவரைக்கும் கையெழுத்து இல்லை."

சாப்பிட்டு வந்த சேதுபதி கத்தினார். "நேத்து முளைச்ச ஆளுக்கு இவ்வளவு ராங்கியா? இனி உன்னை எவன் கூப்பிடுறான்னு பார்க்கிறேன்."

யாக்கூப் தனசேகரனின் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எம் பொண்ணு நிக்கப்போற இடம். உடைங்க."

உளி பட்டதும் பூச்சு ஓடாக உதிர்ந்தது. உள்ளே முழங்கை ஆழத்துக்குப் பொந்து. கிழிந்த கோணிச்சாக்கைத் திணித்து, மேலே பூசி மூடியிருந்தார்கள். விருந்துக்கு ஆட்கள் கூடியிருந்தால் அந்தத் தளம் இடிந்து கீழே வந்திருக்கும்.

சாக்கை இழுத்த தொழிலாளி சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

பொந்துக்குள் ஒரு சிவப்புக் கிண்ணம். டீ ஒரு சொட்டுகூட இல்லை. அடியில் 'த'.

பூச்சுப் பூசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

தங்கம் என்ற சித்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவளிடம் கேட்டுத்தான் தெரிந்தது. அந்தத் தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும்போது காலடியில் இருந்த சாரப் பலகை பிய்ந்து, மருதப்பன் என்பவன் கீழே விழுந்து செத்தான். வேலை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அரைகுறையாக நின்ற தூணை அப்படியே மூடிவிட்டார்கள்.

"காலையிலேர்ந்து ஒரு வாய் டீ கேட்டுக்கிட்டே இருந்தான் சார். தூணை முடிச்சிட்டுக் குடின்னு மேல ஏத்திவிட்டாங்க."

தூணை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். நிக்காஹ் மூன்று மாதம் தள்ளி நடந்தது. தனசேகரன் கையெழுத்துப் போட்டார். சேதுபதி சொன்னதுபோல வேலை நின்றுவிடவில்லை. யாக்கூப் வாய்ச்சொல்லே பல பேரைக் கொண்டுவந்து சேர்த்தது.

இன்றைக்கும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் அங்குள்ள வேலையாட்களுக்குத் தம் கையால் டீ ஊற்றிக் கொடுப்பார். பிறகுதான் மேலே ஏறுவார். ஒவ்வொரு தூணாகத் தட்டுவார். காதை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்.

பதில் வராவிட்டால்தான் பேனாவைத் திறப்பார்.