பாட்டே இல்லாத இசைத்தட்டு

அந்தக் கறுப்பு இசைத்தட்டில் ஒரு பாட்டும் இல்லை. முதல் தடவை அதை நேரே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கீச்சுச் சத்தம்தான். இதையா என் அண்ணன், எங்கள் நானா, இத்தனை ஆசையாக வாங்கி வந்தார் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானாவின் மனைவி, என்னைவிட ஒரு வயது மூத்த என் மதினிதான், விஷயத்தை விளங்கப்படுத்தினார். பாட்டெல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது. தட்டில் உள்ள சத்தம் நமக்கானது இல்லை, லேப்டாப்புக்கானது. தட்டு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, முள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே அது கண்டுபிடித்துக்கொள்ளும். விரலால் தட்டைப் பின்னுக்கு இழுத்தால் பாட்டும் பின்னுக்குப் போகும்.

நானா மாத்தளையில் கல்யாணங்களுக்கு இசை போடும் தொழில் செய்தார். எங்கள் முஸ்லிம் ஆட்களின் கல்யாணத்தில் பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் வர முடியாது. ஆகவே நானா காலையிலேயே வந்து வயர்களைப் பொருத்திவிட்டு வெளியே போய்விடுவார். கதவைச் சாத்தினால் மண்டபம் எங்கள் இருவருக்கும்தான். இடது பக்கம் டர்ன்டேபிள், அது மதினிக்கு. வலது பக்கம் சீடி ப்ளேயர், அது எனக்கு; அதற்கும் அதே கீச்சுச் சத்தம் பதிந்த சீடி ஒன்று உண்டு. அவர் பாட்டு முடியும் இடத்தில் நான் என் பாட்டைச் சேர்ப்பேன். மருதாணிக் கையால் தட்டை லேசாகத் தடுத்துப் பிடித்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி "இப்ப விடு" என்பார். எனக்குக் கூடப் பிறந்த பெண்கள் யாருமில்லை. அந்த மேசைக்குப் பின்னால் நிற்கும்போது அந்தக் குறை எனக்கு மறந்தே போகும்.

யட்டவத்தையில் ஒரு கல்யாணம். என் சீடி கீறல் விழுந்து தடுமாறியதால் முதல் நாள் நானே வீட்டில் ஒரு பிரதி எடுத்தேன். பாட்டுக்களைச் சுருக்கிப் பதிவதுபோல அதையும் சுருக்கிப் பதிந்துவிட்டேன். காதுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் சுருக்கும்போது லேப்டாப்புக்கு வேண்டிய நுணுக்கமெல்லாம் போய்விடும் என்று இந்த மேதைக்கு எங்கே தெரியும்? போட்டும் பார்க்கவில்லை. "வலது" என்று அழகாகப் பெயர் எழுதி உறையில் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

மணப்பெண் வாசலுக்கு வந்ததும் நான் பாட்டைத் தொடக்கினேன். பாட்டு நடுங்கியது, இழுத்தது, அப்படியே நின்றுவிட்டது. மதினி தன் பக்கத்துப் பாட்டைத் தேடிப் போடுவதற்குள் அந்தப் பிள்ளை சத்தமே இல்லாத மண்டபத்தில் தலைகுனிந்து பாதி தூரம் நடந்துவிட்டாள். விருந்து முடிந்து கதவு திறந்ததும் நானா கொதித்துக்கொண்டு வந்தார். அதற்கு முன்பே மதினி ப்ளேயரிலிருந்து அந்த சீடியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

"நான்தான் கொப்பி எடுத்தேன். பழுதாகிட்டு" என்றார்.

"தெரியாத வேலைய ஒனக்கு யாரு செய்யச் சொன்ன?" என்று பெண் வீட்டார் முன்னாலேயே நானா கத்தினார். நான் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். வேனில் மதினி என் கையைப் பிடித்து, "உடு புள்ள, எனக்கு ஏச்சு பழகிட்டு" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். காரணம் சீடி இல்லை, ஏச்சு பழகிவிட்டதுதான். பெரியவர்கள் கூடி, இனி இரு வீட்டுக்கும் போக்குவரத்து வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நானாவுக்கு மனைவி இல்லாமல் போனதை எல்லாரும் பேசினார்கள். எனக்கு மதினி இல்லாமல் போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை. சீடி விஷயத்தை ஒரு நாள் நானாவிடம் சொன்னேன். "அத இப்ப சொல்லி என்ன?" என்று எழுந்து போய்விட்டார். அவர் கேட்டது சரிதான். சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்கு.

இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். தட்டும் சீடியும் போய், எல்லாம் ஒரே பலகைக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் பார்க்கலாம் என்று கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார். எனக்கு அதுதான் ஆகவில்லை. ஒரு பாட்டு முடியப் போகும்போது இப்போதும் கண் தானாக இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறது.

போன மாதம் தம்புள்ளையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மறுபடி கல்யாணம் முடித்துப் புகுந்த வீட்டில் ஒரு கல்யாணம், பெண்கள் பகுதிக்கு வர முடியுமா என்று மதினியின் குரல் கேட்டது. பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை வரிசையாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். அன்றைக்குப் பேசாமல் நின்றதற்கு மன்னிப்பு. நானாவிடம் சொல்லிவிட்ட செய்தி. அப்புறம், நீங்கள் இல்லாமல் எனக்கு ஆகவில்லை என்பது.

விருந்துக்கு நடுவில் அவர் கிண்ணத்தில் வட்டிலப்ப இனிப்பு எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கொஞ்சம் சதை பூசியிருந்தார். "நல்லா ஈக்கிறீங்களா புள்ள?" என்றார். புள்ள என்றதே எனக்குப் போதுமாக இருந்தது. அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்து, "மதினி" என்று மட்டும்தான் வந்தது.

அதே நேரம் மேடைப் பக்கத்திலிருந்து, மதினியின் புதுக் கணவருடைய தங்கையாக இருக்க வேண்டும், ஓர் இளம் பெண் கையாட்டிக் கூப்பிட்டாள். "மதினி! இங்க வாங்களேன்!"

"இந்தா வாறேன் புள்ள" என்று அவர் அவளிடம் போனார்.